ஐம்பது லக்ஸ் வெளிச்சம்

வட்டக் கூரைக்குக் கீழே உடுப்புகள். அவற்றுக்கு மேலே, மாடியில், வாத்தியங்கள். லண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் 40ஆம் அறை ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. கீழே பதினெட்டாம் நூற்றாண்டுப் பட்டுப் பாவாடைகளைப் பார்த்துவிட்டுப் படியேறினால் ஹார்ப்சிகோர்டும் வயலினும் சத்தமில்லாமல் கண்ணாடிக்குள் நிற்கும். நாங்கள் போகும் நேரங்களில் மேலே பெரும்பாலும் ஆளே இருக்காது. 2010இல் அந்த வாத்தியக் கூடத்தை மூடினார்கள். 2012 மே மாதம் அறையைத் திருத்தித் திறந்தபோது, வாத்தியங்கள் நின்ற இடத்தில் 1950க்குப் பிந்திய பிரிட்டிஷ் விருந்துக் கவுன்கள் நின்றன. நல்ல காட்சிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் படியில் கால் வைக்கும்போதெல்லாம் நான் தேடுவது பழைய வாத்தியங்களையும், அவற்றின் முன்னால் காலை நீட்டி இளைப்பாறிய மாமியையும்தான்.

மாமி எனக்குச் சொந்தமில்லை. கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில், எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி இருந்தவர். யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம் கலியாணச் சட்டைகள் தைத்துப் பேர் எடுத்தவர். 1980களின் கடைசியில் இங்கே வந்து ஒரு தொழிற்சாலைக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தார். வெட்டிய துணி கறுப்புப் பைகளில் வந்திறங்கும். துண்டுக் கணக்கில் காசு. சாமத்திலும் அந்த வீட்டு முன்னறையில் மெசின் ஓடும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். தான் தைத்தது எந்தக் கடையில், என்ன பெயரில், என்ன விலைக்குத் தொங்கியது என்று மாமிக்குக் கடைசிவரை தெரியாது. லேபிள் தைக்கும் வேலை வேறெங்கோ நடந்தது.

நான் அப்போது துணிகளின் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். 1990களின் நடுவில் இருந்து சில ஆண்டுகள் அந்த மியூசியத்துக்குள் போகவே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 2001 கடைசியில் அது நின்றது. "இனிக் காசில்லையாம் மாமி, வாங்கோ போவம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி இருந்தால் மாறாமல் தென் கென்சிங்டனில் இறங்கலாம். அங்கிருந்து 1885இல் கட்டிய சுரங்க நடைபாதை மியூசியம் வரைக்கும் கொண்டுபோய் விடும். மழைக்கும் குளிருக்கும் அது எவ்வளவு ஆறுதல் என்பது முழங்கால் நோவோடு நடப்பவர்களுக்குத் தெரியும். மத்தியானம் உள்முற்றத் தோட்டத்தில் இருந்து மாமி கொண்டுவந்த ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவோம். 2005இல் அந்த முற்றத்தைத் திருத்தி நடுவில் நீள்வட்டத் தடாகம் அமைத்தபின், வெயில் நாளில் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கி விளையாடுவதை மாமி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்றைய பிள்ளைகளுக்கு உடுப்புக் கண்காட்சி என்றால் மாதக்கணக்கில் முன்னதாகச் சீட்டுப் பதிந்து, வரிசையில் நின்று, கைபேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு நகர்வது. 2000களின் தொடக்கத்தில் எங்களுக்கு அது இன்னொரு விதமாக வாய்த்தது. 1999இல் அந்த மியூசியம் 'ஃபேஷன் இன் மோஷன்' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தது. பாரிஸிலும் லண்டனிலும் அழைப்பிதழ் வைத்திருப்போர் மட்டும் பார்க்கிற உடுப்பு நடையை, சாதாரண சனம் காசில்லாமல் வந்து பார்க்கட்டும் என்று மியூசியக் கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். கிளேர் வில்காக்ஸ் என்ற காப்பாளர் தொடங்கிவைத்த வேலை அது. ராஃபேல் கூடத்தில் அதைப் பார்ப்பது தனி அனுபவம். சிஸ்டைன் தேவாலயத்துக்கான திரைச்சீலைகளை நெய்வதற்காக 1515 வாக்கில் ராஃபேல் வரைந்த பென்னம்பெரிய மாதிரிப் படங்கள் ஏழு அந்தக் கூடத்துச் சுவர்களில் தொங்குகின்றன. அவற்றின் கீழேதான் மொடல்கள் நடப்பார்கள். நெசவுக்காரர் பார்த்து நெய்யட்டும் என்று வரைந்த படங்களுக்குக் கீழே இன்றைய உடுப்பு நடந்து போகிறது என்பதை நான் மாமிக்குச் சொன்னபோது, அவர் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப இது வெட்டுறதுக்கு முன்னம் கீறுற கடதாசி" என்றார். ஒரே வசனத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

மாமியோடு பார்ப்பதில் ஒரு முறை இருந்தது. எல்லோரும் சட்டையின் முன்னால் நிற்பார்கள். மாமி பக்கவாட்டுக்குப் போவார். அக்குள், கையின் மூட்டு, இடுப்பு மடிப்பு, பாவாடையின் கீழ் ஓரம். முடிந்தால் குனிந்து உள்பக்கம். "இஞ்சை பார் பிள்ளை, இந்தப் பொருத்து வெளியாலை தெரியுதே? இல்லை. உள்ளுக்கை கையாலை பிடிச்சிருக்கு. மெசின் இப்பிடிப் போகாது." 2007இல் பாரிஸ், லண்டன் தையல் இல்லங்களின் 1947 முதல் 1957 வரையான பத்தாண்டுகளைக் காட்டிய பெரிய கண்காட்சி வந்தது. கிறிஸ்டியன் டியோரின் 'பார்' உடுப்பு அதில் இருந்தது. 1947இல் அவர் முதல் தொகுப்பில் வெளிவந்தது. இடுப்பை இறுக்கிப் பிடித்த வெள்ளைப் பட்டுச் சட்டை, கீழே மடிப்பு மடிப்பாக விரிந்த கறுப்புப் பாவாடை. பிரிட்டனில் உடுதுணிக்கு 1941இல் வந்த பங்கீடு 1949 வரைக்கும் நீங்கவில்லை. அந்தப் பஞ்சத்துக்கு நடுவில் இவ்வளவு துணியைக் கண்டு சிலர் ஆத்திரப்பட்டார்கள், பலர் ஏங்கினார்கள் என்று நான் வாசித்ததைச் சொன்னேன். மாமிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இலங்கையின் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஊரிலிருந்து தாயார் எழுதிய கடிதங்களை வாசித்தவர் அவர். "ஏங்கினதுதான் சரி" என்றார்.

பேச்சுகளுக்கும் போனோம். மாடியில் பழைய விரிவுரை மண்டபம், சரிவாக அடுக்கிய கதிரைகள், முன்னால் திரை. ஆங்கிலம் மாமிக்கு அரைகுறையாகத்தான் விளங்கும். படங்கள் விளங்கும். உடுப்புகளைப் பாதுகாக்கும் நிபுணர் ஒருவரின் பேச்சு எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. கண்காட்சிக்கு வைக்கும் பழைய உடுப்பை எந்த மனிதரும் அணியக் கூடாது. அதனால் உடுப்பை அளந்து, அதற்கேற்ற உடம்பைப் பொம்மையில் உண்டாக்குகிறார்கள். பஞ்சு வைத்துத் தோளை உயர்த்தி, மார்பை நிரப்பி, முதுகின் வளைவைக்கூடப் பிடிக்கிறார்கள். இறந்துபோன ஒரு பெண்ணின் ஒரு தோள் மற்றத் தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது என்பதை அவளுடைய சட்டை இன்னும் சொல்லும். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டே அதைக் கேட்டார். பேச்சு முடிந்து கேள்வி கேட்கச் சொன்னார்கள். "கேள் பிள்ளை, ஆர் தச்சது எண்டு எங்கையாவது எழுதியிருக்கோ எண்டு கேள்." நான் எழுந்து கேட்டேன். வடிவமைத்தவரின் பெயர் இருக்கிறது, வாங்கியவரின் பெயர் பல சமயம் இருக்கிறது, தைத்தவளின் பெயர் அநேகமாகக் கிடைப்பதில்லை என்று அந்த நிபுணர் வருத்தத்தோடுதான் சொன்னார். நான் மொழிபெயர்க்கு முன்னமே மாமிக்கு முகத்திலிருந்து பதில் விளங்கிவிட்டது.

மியூசியங்களில் உடுப்பு வைத்திருக்கும் இடம் எப்போதும் மங்கலாக இருக்கும். கண் பழக நேரம் எடுக்கும். வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பட்டையும் சாயத்தையும் வெளிச்சம் தின்றுவிடும், தின்றது திரும்பி வராது என்பதால். கண்காட்சி முடிந்ததும் உடுப்புகள் நெடுங்காலம் இருட்டுக்குப் போய் ஓய்வெடுக்கும். இந்தச் சேதம் எப்படி இருக்கும் என்பதைக் காண எங்களுக்கு 40ஆம் அறையை விட்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்தாற்போல இருந்தது 1990இல் திறந்த நேரு கூடம், இந்தியப் பொருட்களுக்கானது. சோழமண்டலக் கரையில் எழுதிச் சாயமிட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சீத்தைத் துணிகள்தான் அங்கே எங்கள் தரிப்பிடம். அவற்றில் கொடிகள் பழுப்பாகவும் பூக்கள் சிவப்பாகவும் இருக்க, இலைகள் நீலமாக நிற்கும். சாயமிட்ட காலத்தில் அவை பச்சை. அவுரி நீலத்தின் மேல் மஞ்சளைப் பூசித்தான் பச்சையை உண்டாக்கினார்கள். மஞ்சள் வெளிச்சத்துக்குத் தாங்காது. மூன்று நூற்றாண்டில் அது பறந்துவிட, நீலம் மட்டும் மிஞ்சியது.

அந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்து, சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகார நீரால் எழுதி, பிறகு சாயவேர் கொதிக்கும் தாழியில் போட்டால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். கறுப்புக்கு இரும்பு ஊறிய நீர். நீலத்துக்கு, நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவது. இத்தனையும் முடிய வாரக்கணக்கில் ஆகும். சாயவேர் மணற்பாங்கான கரையோரத்தில் விளைவது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அந்த வேரைக் கிண்டிக் கொடுக்கும் வேலை ஏழைகளின் தலையில் கடமையாகவே சுமத்தப்பட்டிருந்தது. லண்டன் மியூசியத்தில் ஒரு சீத்தைத் துணியின் முன் நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரிக்கு அந்தச் சிவப்பு அந்நியமாக இருக்க நியாயமில்லை.

அதே கட்டடத்தில், பிரிட்டிஷ் கூடங்களில், பதினெட்டாம் நூற்றாண்டு நாடக நடிகர் டேவிட் காரிக்கின் கட்டில் இருக்கிறது. அதன் திரைச்சீலை சோழமண்டலக் கரைச் சீத்தை. கல்கத்தாவிலிருந்து அன்பளிப்பாக வந்தது. இந்தியச் சீத்தைகள் இங்கிலாந்து நெசவாளரின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று சட்டம் போட்டு அவற்றை வீட்டில் வைப்பதையும் உடுப்பதையும் தடுத்திருந்தார்கள். 1775இல் சுங்க அதிகாரிகள் காரிக் வீட்டுத் துணியைப் பறித்துக்கொண்டார்கள். நாட்டின் ஆகப் புகழ்பெற்ற நடிகர் தன் மனைவியின் கட்டில் திரையை மீட்க அரசாங்கத்தாரிடம் மன்றாட வேண்டியிருந்தது. ஊர் பேர் தெரியாத எங்கள் கரையோரத்துச் சாயக்காரர் செய்த துணிக்கு அவ்வளவு பயம், அவ்வளவு ஆசை.

2013இல் ஒலிம்பியாவுக்குப் பக்கத்தில், பிளைத் ஹவுஸ் என்ற பழைய கட்டடத்தில், மியூசியம் தன் துணிகளுக்கென்று ஒரு நிலையம் திறந்தது. ஒரு காலத்தில் தபால் சேமிப்பு வங்கியின் தலைமையகமாக இருந்த சிவப்புச் செங்கல் மாளிகை அது. முன்கூட்டியே எழுதிக் கேட்டால், கண்ணாடி இல்லாமல், பெரிய மேசையில் விரித்துக் காட்டுவார்கள். நான் ஒரு சீத்தைத் துண்டைக் கேட்டு எழுதினேன். மாமி அன்றைக்கு நல்ல சீலை உடுத்துக்கொண்டு வந்தார். கோவிலுக்குப் போவதற்கு எடுத்துவைக்கும் சீலை. தொடக் கூடாது என்று சொன்னார்கள். மாமி தாமாகவே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மூக்கு துணியில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு, "மற்றப் பக்கம் காட்டச் சொல்லு" என்றார். ஊழியப் பெண் ஒரு முனையை மென்காகிதத்தோடு மெல்லத் திருப்பினார். பின்பக்கத்திலும் அதே கொடி, அதே பூ, சற்று மெலிந்த நிறத்தில். நீலத்தின் ஓரங்களில் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். மெழுகு வெடித்த இடத்தால் அவுரி கசிந்த தடம். மாமி அந்தக் கோடுகளை எனக்குக் காட்டினார். "இதிலை அவனுக்குக் கை நடுங்கியிருக்கு. அல்லது வெயில் ஏறிப்போச்சு." ஒரு மனிதன் அங்கே தெரிந்தான். எத்தனையோ பேராசிரியர்களின் நூல்களை நான் வாசித்திருக்கிறேன். அந்த மேசையருகே நின்ற ஒரு மணி நேரத்துக்கு ஈடாக அவற்றில் எதையும் சொல்ல மாட்டேன்.

அந்த நிலையம் இப்போது இல்லை. கட்டடத்தை விற்க அரசு முடிவெடுத்து, பொருட்கள் எல்லாம் பொதியப்பட்டு வேறிடம் போய்விட்டன.

2015 எங்கள் பெரிய ஆண்டு. அந்த ஆண்டுக் கடைசியில் தொடங்கிய 'த ஃபாப்ரிக் ஒஃப் இந்தியா' கண்காட்சியில் திப்பு சுல்தானின் கூடாரத்துக்குள்ளேயே நுழைந்து நின்றோம். அதற்கு முன், மார்ச் முதல் ஓகஸ்ட் தொடக்கம் வரை, அலெக்சாண்டர் மக்குவீன் கண்காட்சி. 4,93,043 பேர் பார்த்தார்கள். கூட்டம் தாங்காமல் கடைசி இரண்டு வார இறுதிகளில் இரவு முழுவதும் திறந்து வைத்தார்கள். அந்த மியூசியத்தின் வரலாற்றில் அதுவே முதல் தடவை. சாமத்தில் மியூசியம் போவதா என்று வீட்டில் எல்லோரும் சத்தம் போட, மாமி குளிர்க்கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். சிப்பி ஓடுகளால் ஆன சட்டை, இறகுச் சட்டை என்று சனம் மொய்த்தது. மாமி நின்றது தையல் கோட்டுகளின் முன்னால்தான். மக்குவீன் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு சவில் றோவில் தையல் பழகப் போனவர், கிழக்கு லண்டனில் டாக்சி ஓட்டுநரின் பிள்ளையாக வளர்ந்தவர் என்று சொன்னேன். "எங்கடை பக்கத்துப் பெடியன்" என்று அவர் சொன்ன விதத்தில் ஒரு தாயின் பெருமை இருந்தது. நாற்பது வயதில், 2010இல், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர் என்பதைக் கேட்டபின் திரும்பி வரும்போது இரவுப் பஸ்ஸில் மாமி ஒன்றும் பேசவில்லை.

2017இல் பலன்சியாகா. மாமி மனதார வணங்கியது அவர் ஒருவரைத்தான் என்று நினைக்கிறேன். ஸ்பெயினின் கரையோர ஊரான கெத்தாரியாவில் தையற்காரி ஒருத்தியின் மகனாகப் பிறந்தவர். வரைவது மட்டும் என்றில்லாமல், வெட்டவும் தைக்கவும் தானே அறிந்தவர். நிக் வீஸி என்ற கலைஞர் அந்த உடுப்புகளை எக்ஸ்றே எடுத்திருந்தார். வெளியே காற்றில் மிதப்பதுபோல் தெரிகிற பட்டுச் சட்டைக்குள் எங்கே கம்பி, எங்கே பாரம், எங்கே தாங்கல் என்று எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க உடுப்பின் உள்பக்கத்தையே பார்த்த ஒருவருக்கு ஒரு மியூசியம் கொடுத்த ஆகச் சிறந்த பரிசு அது. மாமி அந்த இடத்தை விட்டு அசைய மறுத்தார்.

அடுத்த ஆண்டு ஃப்ரீடா காலோ. 1954இல் அவர் இறந்தபின் மெக்சிகோவில் அவருடைய நீல வீட்டுக் குளியலறையில் பூட்டிவைத்த உடுப்புகளும் மருந்துப் போத்தல்களும் 2004 வரை யார் கண்ணிலும் படவில்லை. அரை நூற்றாண்டு. அந்தப் பொருட்கள் மெக்சிகோவை விட்டு முதல் தடவையாக லண்டனுக்கு வந்தன. போலியோ வாட்டிய காலை மறைத்த நீளப் பாவாடைகள், விபத்தில் நொறுங்கிய முதுகைத் தாங்கிய சாந்துக் கச்சுகள், அந்தக் கச்சுகளின் மேலேயே அவர் தீட்டிய ஓவியங்கள். சனம் செயற்கைக் காலைச் சூழ்ந்து நின்றது. மாமி கேட்டது ஒன்றே ஒன்று. "ஐம்பது வருசம் பூட்டி வைச்சவையோ? ஒருத்தரும் உடைக்கேல்லையோ?"

மாமி அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய கூறைச்சேலை மானிப்பாய் வீட்டு அலுமாரியில் இருந்தது. அவசரத்தில் நாட்டை விட்டபோது தாயாரிடம் கொடுத்துவிட்டு வந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் மானிப்பாய் உட்பட வலிகாமம் முழுவதும் போரால் ஒரே இரவில் பெயர்ந்தபோது தாயார் அலுமாரியைப் பூட்டி, திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார். சில மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, அலுமாரியும் இல்லை. திறப்பு மட்டும் பிற்பாடு யாரோ கையில் லண்டன் வந்து சேர்ந்தது. கூறையின் நிறம், கரை, முந்தானைப் பூ, எல்லாவற்றையும் மாமி அன்றைக்குத் தோட்டத்தில் இருந்து எனக்குச் சொன்னார். தானே தைத்த கலியாணச் சட்டையின் கைமடிப்பில் எத்தனை மணி கோத்தது என்பது உட்பட.

அதன் பிறகு முழங்கால் விடவில்லை. டியோர் கண்காட்சிக்குச் சீட்டு எடுத்தும் மாமி வரவில்லை. புத்தகத்தை வாங்கிக் கொண்டுபோய்க் காட்டினேன். சில ஆண்டுகளின் பின் அவர் காலமானார். அவர் தைத்த உடுப்புகளில் ஒன்றுகூட அவர் பெயரில் எங்கும் இல்லை. தன் கைக்கு வந்த ஒவ்வொரு துணிப் பையையும் பழுதில்லாமல் தைத்து முடித்தவர் அவர், இதை எழுதி வைக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

பிளைத் ஹவுஸில் இருந்த துணிகள் இப்போது கிழக்கு லண்டனுக்கே வந்துவிட்டன. ஒலிம்பிக் பூங்காவில் 2025 மே 31 அன்று திறந்த 'வி அன்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்' களஞ்சியத்தில் யாரும் இணையத்தில் தேடி, ஐந்து பொருட்கள் வரை கேட்டு, குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகப் பதிந்தால், அருகில் இருந்து பார்க்கலாம். காசில்லை. பட்டம் வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். திறந்த புதிதில் அதிகம் பேர் கேட்ட பொருள் பலன்சியாகாவின் 1954ஆம் ஆண்டு இளஞ்சிவப்புப் பட்டு இரவுடை. மாமி இருந்திருந்தால் அவர் கேட்பதும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஈஸ்ட் ஹாமிலும் இல்ஃபோர்டிலும் வால்தம்ஸ்டோவிலும் இருக்கிற பிள்ளைகளே, உங்கள் வீட்டில் மெசின் மிதித்த அம்மாவோ அம்மம்மாவோ மாமியோ இன்னும் இருந்தால், முழங்கால் ஓய்வதற்கு முன் ஒருநாள் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு சோழமண்டலச் சீத்தையைக் கேட்டு எடுப்பியுங்கள். மற்றப் பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து, அவர் பெயரோடு, எழுதிக்கொள்ளுங்கள்.